கவலை ஓய்ந்த கதை

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் பருத்தியும் ராகியும் ஒரு காலத்தில் கவலையை நம்பியே விளைந்தன. துயரம் என்று எண்ணிவிடாதீர்கள். எருது பூட்டி நீர் இறைக்கும் முறை அது! வாரி எனும் சரிவுப் பாதையில் எருதுகள் இறங்க, கிணற்றிலிருந்து சால் மேலேறும். ஏன் சரிவு? எருதுகளின் எடையும் இழுவைக்கு உதவுமல்லவா? ஓட்டுபவரும் வடத்தின்மேல் அமர்ந்து தம் எடையைச் சேர்ப்பார். சாலின் அடியில் தோல் தும்பி. அதன் நுனியை இன்னொரு கயிறு உயர்த்திப் பிடித்திருக்கும்வரை நீர் ஒழுகாது. மேலே வந்ததும் நுனி தாழ்ந்து தானே கொட்டும்.

1932-இல் பைக்காரா மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. பின்னர் மின்கம்பிகள் தோட்டங்களை எட்டின. எருதுகள் களைத்து நிற்கையில் கிணறு ஊறும், மோட்டார் களைப்பதில்லையே! ஊற்றை முந்தி நீர் வெளியேறியது. கிணறுகளை ஆழப்படுத்தினார்கள், பிறகு ஆழ்துளைக் கிணறுகள் தோண்டினார்கள். அப்பக்கம் போனால், பழைய கிணற்றருகே சரிந்திறங்கும் மண்பாதை தென்படுகிறதா என்று பாருங்கள்.