கோண்டுவானாப் படிவுகள்

ஒடிசாவின் தால்சேர் நிலக்கரிப் பகுதியில், நிலக்கரி அடுக்குகளுக்கும் கீழே, பச்சை சாயல் கொண்ட மென்களிப் பாறைக்குள் பருங்கற்கள் புதைந்து கிடக்கின்றன. ஓடும் நீர் கல்லையும் களியையும் தரம் பிரித்துத்தான் படிய வைக்கும். இப்படிக் கலந்து கொட்டுவது பனிக்கட்டியின் வேலை. புவியியலாளர்களான பிளான்ஃபோர்ட் சகோதரர்களும் தியோபால்டும் 1856-இல் இதைச் சொன்னபோது, வெப்ப நாட்டில் பனியாறா என்ற ஐயம் எழுந்தது. 1870-களில் சந்திரபூர்ப் பகுதியில், பனியாறு தேய்த்துக் கீறிய பாறைத்தளமே கிடைத்தது.

தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் ஆகிய நாடுகளிலும் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுப் பழைமையான அதே வகைப் படிவுகள் உண்டு. அவற்றையொட்டிய அடுக்குகளில் குளோசாப்டெரிஸ் என்ற பழங்காலத் தாவரத்தின் அதே இலைத்தடங்கள். கோண்டு மக்களின் நாட்டை வைத்து, புவியியலாளர் மெட்லிகாட் 1872-இல் இந்திய அடுக்குகளுக்குக் கோண்டுவானா என்று பெயரிட்டார். இந்நிலங்கள் ஒன்றாய் இருந்த ஒரு பெருநிலத்தின் நடுப்பகுதிகள் கடலில் அமிழ்ந்தன என்பது புவியியலாளர் சூஸின் விளக்கம் (1885). நிலம் அமிழவில்லை, கண்டங்கள் நகர்ந்தன என்றார் வெகனர் (1912).

வெகனரை ஏளனம் செய்தவர்கள் பிரேசில் பாறைக் கீறல்களைப் பார்த்திருக்க வேண்டும். தென்பிரேசிலில் பனி வந்த திசை, இன்று அட்லாண்டிக் இருக்கும் திசை. கடலிலிருந்து பனியாறு கரையேறி வராது. அங்கே ஆப்பிரிக்காவை ஒட்டிவைத்தால் சிக்கல் தீர்கிறது. தென்னாப்பிரிக்கரான டு டாய்ட் இரு கரைகளின் அடுக்குகளையும் ஒப்பிட்டு 1927-இல் வெளியிட்டார்.

1950-களில் காந்தமும் சாட்சி சொன்னது. செம்மணற்கல்லின் இரும்புத் துகள்கள் அக்காலப் புவிக்காந்தத்தின் சாய்வைப் பதிந்து வைத்திருக்கின்றன. நிலநடுக்கோட்டில் காந்தப்புலம் கிடையாக, துருவத்தில் செங்குத்தாக இருக்கும். சாய்விலிருந்து அட்சரேகையைக் கணிக்கலாம். மேலடுக்குகளின் பாரம் படிவை அமுக்கிச் சாய்வைக் குறைத்துவிடுவதால் திருத்தம் தேவை. தீர்க்கரேகையை இம்முறை சொல்லாது. எந்தக் கண்டம் எதன் பக்கத்தில் இருந்தது என்பதற்குப் பாறையையே மீண்டும் கேட்க வேண்டும். மணற்கல்லில் தங்கிய சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியம் ஈயமாக மாறிய அளவைக்கொண்டு, அவை பிறந்த பாறையின் வயதும், அதன்வழி மணல் எந்த மலையிலிருந்து வந்திருக்கலாம் என்பதும் தெரிகின்றன.

தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர், சிவகங்கைப் படிவுகள் கோண்டுவானா வரிசையின் இளைய பகுதி. இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்த காலத்தை ஒட்டியவை. ஸ்ரீபெரும்புதூர் அடுக்குகளில் நிலத்துத் தாவரங்களின் இலைத்தடங்களோடு கடல்வாழ் அம்மோனைட்டுகளும் கிடைத்திருக்கின்றன.