மின்காந்தக் கவசப் பொருள்களின் வரலாறு

மின்காந்தக் கவசம் என்பது ஒரு கருவியின் மின்காந்த அலைகள் வெளியே கசியாமலும், வெளி அலைகள் உள்ளே புகாமலும் தடுக்கும் உறை ஆகும். இதற்கு அடிப்படையான உண்மையை ஆய்வின் மூலம் காட்டியவர் மைக்கேல் பாரடே. 1836ஆம் ஆண்டு இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 12 அடிப் பக்கமுள்ள மரச்சட்ட அறை ஒன்றை அமைத்து, செப்புக் கம்பியும் வெள்ளீயத் தாளும் கொண்டு அதைச் சுற்றினார். அறையின் வெளிப்புறத்தில் மின்பொறிகள் பறக்க, மெழுகுவர்த்தியும் மின்காட்டியும் எடுத்துக்கொண்டு உள்ளே சென்றார். உள்ளே மின்னூட்டத்தின் சுவடே இல்லை. 'பாரடே கூண்டு' என்ற பெயர் இதனால் வந்தது.

வெற்றிடக் குழாய் வானொலிகளின் காலத்தில் தகர, அலுமினிய உறைகளே போதுமானவையாக இருந்தன. சிக்கலைக் கொண்டுவந்தது நெகிழி. 1977இல் டாண்டி நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்.எஸ்-80 என்ற வீட்டுக் கணினி நெகிழிப் பெட்டியில் வந்தது. அதன் அருகில் வானொலியை வைத்தால் இரைச்சல் கேட்கும். சிலர் அந்த இரைச்சலையே விளையாட்டு நிரல்களுக்கு ஒலியாகப் பயன்படுத்திக்கொண்டனர்! 1979இல் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் கணினிகளின் அலைக்கசிவுக்கு வரம்பு விதித்தது. அதற்கு உட்பட முடியாமல் அந்தக் கணினி 1981இல் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது.

நெகிழியின் உட்புறத்தில் நிக்கல், செம்பு, வெள்ளி கலந்த பூச்சுகளை இடுவதும் துத்தநாகத்தைத் தெளிப்பதும் இதற்குத் தீர்வாயின. இரைச்சல் அடங்கியது, ஆனால் கழிவு சிக்கலானது. உலோகம் ஒட்டிய நெகிழியை அப்படியே உருக்கினால் தரம் குறையும். பூச்சை நீக்கச் செலவாகும். உலோக உறைகளிலும் குறை இருந்தது. அவை துருப்பிடிக்காமலிருக்க இடப்பட்ட பூச்சுகள் பலவற்றில் நச்சுத்தன்மையுள்ள அறுமதிப்புக் குரோமியம் இருந்தது. 2006 சூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் அதைக் கட்டுப்படுத்தியது.

இதன்பின் மெல்லிய, இலேசான பொருள்களைத் தேடும் முயற்சி வலுத்தது. 2011இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் மாக்சீன் என்ற பொருள்வகை கண்டறியப்பட்டது. இவ்வகையைச் சேர்ந்த டைட்டானியம் கார்பைடுப் படலம் ஒன்று, வெறும் 45 மைக்ரோமீட்டர் தடிப்பில் 92 டெசிபெல் தடுப்பைத் தருவதாக 2016இல் அறிவிக்கப்பட்டது. 20 டெசிபெல் என்றால் அலையின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கே கடக்கும். 92 டெசிபெல் என்றால் ஏறத்தாழ 160 கோடியில் ஒரு பங்கு. வியப்பான எண்தான். ஆனால் மூலப்பொருளிலுள்ள அலுமினியத்தைக் கரைத்து நீக்க, முதலில் கையாளப்பட்டது ஆபத்தான ஐதரோபுளோரிக் அமிலம். ஈரக்காற்றில் படலம் மெல்ல ஆக்சிசனேற்றமும் அடைகிறது. இத்தகைய பொருளை மெலிதாக இருப்பதால் மட்டும் 'பசுமையானது' என்று அழைப்பது பொருந்தாது.

மற்றொரு வழி மரம். மரத்திலுள்ள செல்லுலோசும் லிக்னினும் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. காற்றில்லாமல் உயர் வெப்பத்தில் கரியாக்கினால் கடத்தும். உலோகம் பெரும்பாலும் அலையைத் திருப்பி அனுப்பும். திரும்பிய அலை அருகிலுள்ள மற்றொரு பாகத்தைத் தொல்லைப்படுத்தலாம். நுண்துளைகள் நிறைந்த கரியிலோ அலை உள்ளே பலமுறை மோதி வெப்பமாக மாறுகிறது. எனினும் கரியாக்கும் உலைக்கும் எரிபொருள் வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஒப்பிட முடியாது.

போட்டியிலுள்ள பழைய பொருளும் எளிதில் தோற்பதில்லை. அலுமினியத்தை மறுசுழற்சி செய்ய, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே போதும். கைப்பேசிகளின் மின்சுற்றுப் பலகையில் சில்லுகளை மூடும் சிறு உறைகள் இன்றும் பெரும்பாலும் உலோகத் தகடுகளே.