அடைத்த கதவும் பேரீச்ச மரமும்

தமிழகத்து மண்ணில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளையும் வெள்ளிக் காசுகளையும் பற்றி நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவை கடல் கடந்து வாணிகத்துக்காக வந்தவை. ரோமாபுரியின் கடைத்தெருவில் எளியவர் கையில் புழங்கியவையோ செம்பிலும் பித்தளையிலும் வெண்கலத்திலும் ஆனவை. வெண்கலக் காசுகள் என்பது அவற்றின் பொதுப்பெயர். அரசு தன் குடிகளிடம் சொல்ல விரும்பியதை அறிய வேண்டுமாயின், அவற்றையே நாம் நோக்குதல் வேண்டும்.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பெற்ற 'ஆஸ்' என்னும் காசு, உள்ளங்கையை நிறைக்கும் கனமுடையது. ஒருபுறம், முன்னும் பின்னும் நோக்கும் இருமுகத் தெய்வமாகிய ஜானஸ். மறுபுறம், போர்க்கப்பலின் முகப்பு. நம் சிறுவர் 'பூவா தலையா' போடுவதுபோல், ரோமானியச் சிறுவர் 'தலையா கப்பலா' என்று கேட்டுக் காசைச் சுண்டினர்.

அந்த ஜானஸுக்கு ரோமாபுரியில் ஒரு கோயில் இருந்தது. போர்க்காலத்தில் அதன் கதவுகள் திறந்திருக்கும். எங்கும் அமைதி நிலவினாலன்றி அவை அடைக்கப்படா. நீரோ மன்னன் (கி.பி. 54–68) அக்கோயிலை அடைத்த கதவுகளுடன் தன் காசுகளில் பொறித்து, நிலத்திலும் கடலிலும் அமைதி கண்ட செய்தியை விளிம்பைச் சுற்றி எழுதுவித்தான். எழுத்தறியாதவனும் அடைத்த கதவைக் கண்டு பொருள் உணர்ந்திருப்பான்.

ஆயின் கி.பி. 66-இல் யூதேயா நாடு ரோமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தது. 70-இல் எருசலேம் வீழ்ந்தது; அங்கிருந்த ஆலயம் தீக்கிரையாயிற்று. அடுத்த ஆண்டே பேரரசர் வெஸ்பாசியன் புதிய காசுகளை வெளியிட்டார். நடுவே ஒரு பேரீச்ச மரம். அதனடியில் தலையைக் கையில் தாங்கிச் சோர்ந்து அமர்ந்திருக்கும் பெண். 'யூதேயா சிறைப்பட்டது' என்பது வாசகம். அப்பெண் தனியொருத்தி அல்லள். தோற்ற நாடே பெண்ணுருவில் அமர்ந்திருக்கிறது.

கதை அத்துடன் முடியவில்லை. கி.பி. 132-இல் பார் கோக்பாவின் தலைமையில் யூதர் மீண்டும் எழுந்தனர். புழக்கத்திலிருந்த ரோமானிய ஆட்சிக் காசுகளையே எடுத்து, பழைய உருவை அராவித் தேய்த்து, மேலே தம் முத்திரையை அடித்தனர். அவர்தம் வெண்கலக் காசுகளில் அதே பேரீச்ச மரம் நிற்கிறது; அடியில் அழும் பெண் இல்லை.

135-இல் அவ்வெழுச்சியும் ஒடுக்கப்பட்டது. ஆயினும் அக்காசுகள் சிலவற்றில் பழைய முத்திரையின் தேயாத எழுத்துக்கள் இன்றும் மங்கலாகத் தெரிகின்றன. வென்றவர் சொல்லையும் தோற்றவர் மறுமொழியையும் ஒரே உலோகத் துண்டு காத்து வைத்திருக்கிறது.