நீருக்குள் போன மஸ்கெலியா

வறட்சி நீண்டு மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தின் மட்டம் தாழ்ந்துவிட்டால் மஸ்கெலியாவில் இரண்டு ஊர்கள் இருப்பது தெரியவரும். மேலே, பஸ் நிலையமும் கடைத்தெருவுமாக இன்றைய நகரம். கீழே, வெடித்த சேற்றுத் தரையில் கோயிலின் இடிபாடுகள், பள்ளிவாசலின் எச்சம், விகாரையின் அடையாளங்கள். 'மூழ்கிய நகரம் தலைகாட்டியது' என்று பத்திரிகைகள் படத்துடன் செய்தி வெளியிடும். நானும் அப்படித் தலைப்பிட்டவன்தான். அந்நகரம் எதற்காக, எந்தக் காலத்தில் மூழ்கியது என்பதை அச்செய்திகளில் நாங்கள் எழுதியதில்லை.

வெள்ளத்தைத் தடுக்கவே இந்த அணை கட்டப்பட்டது என்று சொல்வோரைச் சந்தித்திருக்கிறேன். 1947 ஆகஸ்டில் களனி கங்கை பெருகிக் கொழும்பின் தாழ்நிலங்களை மூழ்கடித்ததை அறிந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்பே. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனியாகின்றன. ஆனால், கொழும்பில் அவ்வெள்ளத்தை மறிப்பவை ஆற்றங்கரை மண் அணைகள். மவுஸ்ஸாகலையில் எழுந்ததோ கொங்கிரீட் அணை. அதன் நோக்கம் மின்சாரம். மழை நீரைச் சேர்த்து வறட்சியில் விடுவதே அதன் வேலை. நிறைந்துவிட்ட அணை வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளாது. தென்மேற்குப் பருவமழையில் வான் கதவுகள் திறக்கப்படும்போது கீழ்ப்பகுதி மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுவது அதனால்தான். களனி 1989 இலும் 2016 இலும் மறுபடி ஊர்களுக்குள் புகுந்தது.

இந்த மலைகளின் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் கட்டுரை படித்தார். லக்ஷபான மின்நிலையம் இயங்கியது 1950 இல். காசல்ரீ அணை 1965 இல் முடிந்தது. மவுஸ்ஸாகலை 1969 இல். பழைய நகரின் மேல் நீர் ஏறியது அப்போதுதான்.

அக்காலத்தை மறந்துவிடலாகாது. 1948 இன் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. மறு ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் 1974 இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். சௌ. தொண்டமான்கூட அறுபதுகளின் பிற்பகுதியில் நியமன உறுப்பினராகவே பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்தார். சுற்றிலுமுள்ள தோட்டங்களின் மக்கள் தாம் எந்த நாட்டவர் என்று அறியாதிருந்த வேளையில் அவர்களுடைய சந்தையும் கோயிலும் நீருக்குள் போயின. அந்நீரில் பிறந்த மின்சாரம் கொழும்புக்குப் போன பின்னரும் நெடுங்காலம் பல லயங்களில் குப்பி விளக்குத்தான் எரிந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் நீலகிரியில், தாயகம் திரும்பியோர் குடியிருப்பொன்றில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். நான் இலங்கையிலிருந்து வருகிறேன் என்றதும், அவர் முதலில் கேட்டது தோட்டத்தைப் பற்றியல்ல.

"தம்பி, பழைய டவுன் கோயில் இன்னும் தெரியுதா?"

"தண்ணி வத்துனா தெரியும் ஐயா" என்றேன்.

எந்த மாதம் வற்றும் என்று கேட்டார்.