தன் அணிக்காரனை அடித்தாலும் சிவப்பு அட்டைதான்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

பொங்கலுக்கு பாரிஸிலிருந்து என் தங்கை மகன் குரும்பகரம் வந்திருந்தான். துபாயில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவரும் என்னைப் பார்க்க வந்திருந்தார். இருவருக்கும் கால்பந்துப் பைத்தியம். பேச்சு சூடாகி, கடைசியில் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள்.

வழக்கு இதுதான். 2025 நவம்பர் 24 அன்று மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் எவர்டன் அணி ஆடியது. நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. ஆட்டத்தின் 13ஆம் நிமிடம். எவர்டன் வீரர் இட்ரிஸா கே பந்தைத் தவறாகத் தட்டிவிட, எதிரணிக்கு கோல் அடிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. நல்லவேளை, பந்து வெளியே போனது. உடனே அவருக்கும் சக வீரர் மைக்கேல் கீனுக்கும் வாக்குவாதம், தள்ளுமுள்ளு. கே கையை ஓங்கி கீனின் கன்னத்தில் அறைந்துவிட்டார். நடுவர் டோனி ஹாரிங்டன் சிவப்பு அட்டையை எடுத்தார். வீடியோ நடுவரும் அதைச் சரியென்றே உறுதி செய்தார்.

"அடிச்சது தன் ஆளைத்தானே மாமா? எதிரணிக்கு இதில என்ன நஷ்டம்? கூப்பிட்டு எச்சரிச்சு விட்டிருக்கலாம்" என்றான் மருமகன். "யாரை அடிச்சாலும் அடி அடிதானே சார்" என்றார் மாணவர். நான் மருமகன் பக்கம் பேசினேன். "அண்ணன் தம்பி அடிச்சுக்கிட்டா ஊர்ப் பஞ்சாயத்து எதுக்கு?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சு முடிந்தது.

அவர்கள் போன பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நான் சொன்ன தீர்ப்பு தவறு. அதைத் திருத்தத்தான் இந்தப் பதிவு.

முதலில் அட்டையின் கதை. 1966 உலகக் கோப்பையில் இங்கிலாந்து, அர்ஜென்டினா காலிறுதி ஆட்டத்தில் நடுவர் யாரை எச்சரித்தார் என்பதே பலருக்குப் புரியவில்லை. அந்தப் போட்டிகளின் நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கென் ஆஸ்டன். லண்டன் சாலையில் காரோட்டிப் போகும்போது போக்குவரத்து விளக்கைப் பார்த்து அவருக்கு வந்த யோசனைதான் மஞ்சளும் சிவப்பும். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. உலகக் கோப்பையில் முதன்முதலாகச் சிவப்பு அட்டை வாங்கியவர் சிலி நாட்டின் கார்லோஸ் காஸ்லி, 1974இல்.

இனி சட்டம். கால்பந்து விதிகளில் 12ஆவது விதி வன்முறையைப் பற்றிச் சொல்லும்போது எதிரணி வீரரோடு நிறுத்தவில்லை. சக வீரர், அணி அலுவலர், நடுவர், பார்வையாளர், வேறு எவராக இருந்தாலும் என்று பட்டியல் போடுகிறது. பந்துக்காகப் போட்டியிடாத நேரத்தில் ஒருவரின் தலையிலோ முகத்திலோ வேண்டுமென்றே கையால் அடித்தால் வெளியேற்றம்தான். அடி மிக அற்பமாக இருந்தால் மட்டுமே விலக்கு. இன்னொரு செய்தி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஒருவர் தன் பெனால்டி எல்லைக்குள் தன் அணிக்காரனை அடித்தால், எதிரணிக்குப் பெனால்டி! முன்பு இதற்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக்தான் இருந்தது. 2016இல்தான் இப்படிக் கடுமையாக்கினார்கள்.

இப்படி நடந்தது இது முதல் தடவையும் அல்ல. 1979 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்தில் சார்ல்டன் அணியின் டெரெக் ஹேல்ஸும் மைக் ஃபிளானகனும் ஒருவரையொருவர் குத்திக்கொண்டு இருவருமே வெளியேறினார்கள். 2005 ஏப்ரல் 2 அன்று நியூகாசில் அணி ஆஸ்டன் வில்லாவிடம் 0-3 என்று தோற்றுக்கொண்டிருந்தபோது, லீ போயரும் கீரன் டயரும் மோதினார்கள். எனக்குப் பந்து தரமாட்டேன் என்கிறாய் என்பதுதான் போயரின் கோபம். சட்டை கிழிந்தது. விலக்கிவிட எதிரணி வீரர் கேரத் பாரி ஓடிவர வேண்டியிருந்தது. ஏற்கெனவே ஒருவர் வெளியேறியிருந்ததால் நியூகாசில் எட்டுப் பேருடன் ஆட்டத்தை முடித்தது. போயர் மீது வழக்கு நீதிமன்றம் வரை போய், 600 பவுண்டு அபராதம் கட்டினார். 2008 டிசம்பரில் ஸ்டோக் அணியின் ரிக்கார்டோ ஃபுல்லர் தன் அணித் தலைவர் ஆண்டி கிரிஃபினையே அறைந்து வெளியேறினார். அந்த ஆட்டத்தில் ஸ்டோக் தோற்றது.

நம் நாட்டில் இதற்கு அருகில் வருவது கிரிக்கெட்டில் நடந்தது. 2008 ஏப்ரல் 25, மொகாலி. ஐ.பி.எல். ஆட்டம் முடிந்து கைகுலுக்கும் நேரத்தில் ஹர்பஜன் சிங் ஸ்ரீசாந்தை அறைந்தார். அன்று வேறு வேறு அணி என்றாலும், இந்திய அணியில் இருவரும் ஒன்றாக ஆடியவர்கள். ஸ்ரீசாந்த் மைதானத்திலேயே அழுதது எல்லார் கண்ணிலும் நிற்கும். ஹர்பஜனுக்கு அந்தப் பருவத்தில் 11 ஆட்டங்கள் தடை. 17 வருடம் கழித்து, 2025இல், நம் அஸ்வினின் யூடியூப் நிகழ்ச்சியில் ஹர்பஜன் ஒன்றைச் சொன்னார். ஸ்ரீசாந்தின் சின்ன மகளிடம் அன்பாகப் பேசப் போனாராம். நீங்கள் என் அப்பாவை அடித்தவர், உங்களோடு பேசமாட்டேன் என்று அந்தக் குழந்தை சொல்லிவிட்டதாம். அடித்தவரும் அடிபட்டவரும் சமாதானமாகிவிட்டார்கள். அந்த அறை நடந்தபோது பிறந்தேயிராத குழந்தையிடம் மட்டும் அது போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதைப் படித்தபோதுதான் என் பழைய கணக்கு ஒன்று ஞாபகம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பள்ளியில் பையன்களின் கால்பந்து அணியை நான் கவனித்துக்கொண்டேன். ஒரு போட்டியில் எங்கள் பையன் ஒருவன் பெனால்டியை வெளியே அடித்துவிட்டான். இடைவேளையில் எல்லார் முன்னாலும் அவனை அறைந்தேன். என் பையன்தானே, எனக்கு உரிமை இல்லையா என்ற நினைப்பு. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று நாமே சொல்லிக்கொள்வோம் அல்லவா! அன்று எனக்குச் சிவப்பு அட்டை காட்ட யாரும் இல்லை. அவன் அழவில்லை. இரண்டாம் பாதியும் ஆடினான். அதற்குப் பிறகு பந்து விளையாட வரவே இல்லை. நானும் போய்க் கேட்கவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு மாணவரை அடிப்பதைத் தடை செய்கிறது. கண்டிக்கிற உரிமையும் போய்விட்டதே என்று அப்போது புலம்பியவர்களில் நானும் ஒருவன். நம்மவன் என்பதற்காக அடி குறைவாக வலிப்பதில்லை. நம்பியவன் கையால் விழுவதால் கூடத்தான் வலிக்கும். கால்பந்துக்காரர்கள் தங்கள் விதியில் அதை எழுதியே வைத்திருக்கிறார்கள்.

அந்த எவர்டன் ஆட்டம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். பத்துப் பேரோடு ஆடி எவர்டன் 1-0 என்று வென்றது. 29ஆம் நிமிடத்தில் டியூஸ்பரி-ஹால் கோல் போட்டார். ஆட்டம் முடிந்ததும் கே தன் அணியிடம் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு மூன்று ஆட்டங்கள் தடை. மன்னிப்பும் உண்டு, தண்டனையும் உண்டு. ஒன்று மற்றதை ரத்து செய்வதில்லை.

மருமகனே, திண்ணையில் நான் சொன்ன தீர்ப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். துபாய் மாணவரே, நீர் சொன்னதுதான் சரி. பெனால்டியை வெளியே அடித்த அந்தப் பையனுக்கு இப்போது பேரப்பிள்ளைகள்கூட இருக்கலாம். இது அவன் கண்ணில் பட்டால், அன்று தவறு செய்தவன் நான்தான் என்று தெரிந்துகொள்ளட்டும். மன்னித்துவிடு தம்பி.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்
குரும்பகரம்