போலச் செய்தலும் போலியும்

'போல்' என்னும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை 'போல', 'போலி' என்னும் இரு சொற்கள். முன்னது உவமைக்கு உதவுகிறது. பின்னது இன்றைய வழக்கில் ஏமாற்றைக் குறிக்கிறது. பழம்பொருள் ஒன்றைப் போலப் புதிதாய் ஒன்றைச் செய்வது எப்போது போற்றுதல் ஆகிறது? எப்போது பொய்ம்மை ஆகிறது? சீன நாட்டு வெண்கலக் கலங்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகிறது.

கி.மு. 1600 அளவில் தொடங்கிய ஷாங் மரபினரும், அவர்க்குப் பின்வந்த சௌ மரபினரும் முன்னோர்க்கு உணவும் மதுவும் படைக்க வெண்கலக் கலங்களை வார்த்தனர். களிமண் அச்சுகளைத் துண்டு துண்டாய்ச் செய்து பொருத்தி, அவற்றினுள் உலோகத்தை உருக்கி ஊற்றினர். தம் மக்களும் பேரரும் என்றென்றும் பேணிப் பயன்படுத்துக என்னும் வாழ்த்தினைச் சௌ காலத்துக் கலங்கள் பலவற்றில் காண்கிறோம். காலம் மாறியது, சடங்குகளும் மாறின. கலங்கள் கல்லறைகளிலும் புதையல்களிலும் மறைந்தன.

ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், கி.பி. பத்தாம் நூற்றாண்டில் சடங்குக் கலங்களுக்குப் படநூல் ஒன்று எழுந்தது. நூலாசிரியர் ஏட்டை நம்பினாரேயன்றிக் கலத்தைக் கண்டாரில்லை. 'ஜுவே' என்னும் மதுக்கிண்ணத்தின் பெயர் சிட்டுக்குருவியின் பெயரோடு ஒத்திருந்தமையால், பறவையின் முதுகில் கிண்ணம் அமர்ந்திருப்பதாக அந்நூலில் வரைந்துவிட்டனர்! மண்ணிலிருந்து வெளிப்பட்ட உண்மையான ஜுவேக்கோ மூன்று கால்களும் நீண்ட மூக்கும் இருந்தன. கற்பனை தோற்றது, ஆராய்ச்சி பிறந்தது. 1092இல் லூ தாலின் என்னும் அறிஞர் பழங்கலங்களைப் படத்தோடும் கல்வெட்டு வாசகத்தோடும் தொகுத்தார். பின்னர்ச் சோங் மரபுப் பேரரசர் ஹுயிசோங் தொகுப்பித்த பெருநூலில் 839 கலங்கள் இடம்பெற்றன.

1104இல் பழைய மணிகள் ஆறு மண்ணிலிருந்து கிடைத்தன. அவை சோங் என்றே பெயர் கொண்ட பண்டைய சிற்றரசுக்கு உரியவை. அதனை நன்னிமித்தமாகக் கொண்ட பேரரசர், அவற்றின் வடிவிலேயே அரசவை இசைக்குப் புதிய மணிகளை வார்ப்பித்தார். அம்மணிகளில் பழம்பெயரைப் பொறிக்கவில்லை. 'தாஷெங்' என்னும் தம் காலத்து இசையின் பெயரையே பொறித்தார். வடிவம் முன்னோருடையது; பெயர் தம்முடையது. போலச் செய்தலின் நேர்மை இங்கேதான் உள்ளது.

1127இல் தலைநகர் கைஃபெங் ஜின் படையினரிடம் வீழ்ந்தது. பேரரசரும் சிறைப்பட்டார்; மணிகளும் கலங்களும் வடக்கே சென்றன. வென்றோர் மணிகளின் பெயரை அழித்து வேறு பெயர் பொறித்துத் தம் சடங்குகளில் பயன்படுத்தினர். தெற்கே தப்பிச் சென்று ஹாங்சோவில் நிலைபெற்ற அரசவையிடம் வெண்கலமும் போதவில்லை. ஆயினும் சடங்கினை அவர்கள் கைவிடவில்லை. மண்ணாலும் மரத்தாலும் கலங்கள் செய்தனர். 1140களில் பழைய படநூலின் துணைகொண்டு வடிவங்களைத் திருத்தியமைத்தனர். உலோகம் பறிபோனது, உருவம் பறிபோகவில்லை.

மறுபுறத்தில், பழமைக்கு விலை கூடக்கூட வஞ்சகமும் வளர்ந்தது. புதுக்கலத்தின்மீது நவச்சாரத்தைக் காடியில் குழைத்துப் பூசிக் களிம்பேற்றும் தந்திரத்தை 1388இல் சாவ் சாவ் என்பார் எழுதிய நூல் எடுத்துரைத்து எச்சரிக்கிறது. நூற்றாண்டுகள் மண்ணில் கிடந்த கலத்தில் களிம்பு உலோகத்தின் உள்ளேயே ஊடுருவியிருக்கும். பூச்சுக் களிம்போ மேற்பரப்பில் மட்டுமே ஒட்டியிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் சியன்லுங் பேரரசர் காலத்துப் பழம்பாணிக் கலங்கள் பலவற்றில் அவருடைய ஆட்சிப் பெயரே வெளிப்படையாய்ப் பொறிக்கப்பட்டிருப்பதையும் இங்கே ஒப்பிட்டு நோக்கலாம்.

இரண்டும் பழமையைப் பார்த்தே செய்யப்பட்டவை. ஒன்று தன் வயதை மறைத்தது. மற்றொன்று தன் வயதைச் சொல்லி முன்னோர் வடிவைத் தாங்கி நின்றது. முன்னதைப் போலி என்போம். பின்னதை மரபு என்று போற்றுவோம்.