மதுக்கரை யானையும் ஒரு டாக்டர் செஞ்ச மெஷினும்

1/ கோயம்புத்தூர்ல இருந்து பாலக்காடு போறப்ப எட்டிமடை தாண்டினதும் சில நேரம் ரயில் ஊரும். "ஏன் இப்படி ஊருது"ன்னு சலிச்சுக்குவோம். அதுக்குப் பின்னால 160 வருஷக் கதை இருக்குதுங்க.

2/ போத்தனூர் வழியா மேற்குக் கடற்கரைக்கு ரயில் பாதை வந்தது 1862-ல். வாளையாறு பக்கம் அது யானைகளோட வழித்தடத்தைக் குறுக்கே வெட்டிப் போகுது. யானைதான் மாறிக்கணும், ரயில் மாறாது. அன்னைக்குப் போட்ட கணக்கு அதுதான்.

3/ 2008 பிப்ரவரியில் மதுக்கரை பக்கம் ரயில் மோதி 3 யானைகள் இறந்தன. 2021 நவம்பர் 26 ராத்திரி, நவக்கரையில் மறுபடியும் 3.

4/ ரயில் ஏன் மாறலைன்னு புரிய, 1948-ல் இங்கிலாந்துல நடந்த ஒண்ணைச் சொல்லணும். ராஸ் ஆஷ்பின்னு ஒரு மனநல டாக்டர். வெயில்ல வியர்த்து, குளிர்ல நடுங்கி, உடம்பு தன் சூட்டைத் தானே காப்பாத்திக்குதே, அதை ஒரு மெஷின் செய்யுமா? போர்ல மிஞ்சின விமானப்படை சாமான்களை வெச்சு 'ஹோமியோஸ்டாட்' செஞ்சார். இணைப்பை மாத்திக் குழப்பினா, முள் எல்லை தாண்டும். உடனே மெஷின் தன் இணைப்புகளைத் தானே மாத்தி மாத்திப் பார்த்து, பழையபடி நிலைக்கு வந்துடும்.

5/ அதுல இருக்கிற பாடம்: மாறணும்னா, முதல்ல எல்லை தாண்டியாச்சுன்னு தெரியணும். இருட்டுல ஓடுற ரயிலுக்கு அது தெரிய வழியே இல்லை.

6/ 2024 பிப்ரவரியில் வனத்துறை அந்த வழியைக் கொண்டுவந்துச்சு. தண்டவாளம் ஓரமா 12 கோபுரங்கள். உடம்புச் சூட்டை வெச்சு ராத்திரியிலும் பார்க்கிற கேமராக்கள். வந்தது யானைதான்னு செயற்கை நுண்ணறிவு கண்டுபிடிச்சதும் கட்டுப்பாட்டு அறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும். வண்டி வேகம் குறையும்.

7/ கவனிங்க, பிரேக் போடுறது மனுஷன். ஐசியு-வுல ஒரு ராத்திரி, ஒயர் லூசாகி மானிட்டர் சும்மா சும்மா கத்துச்சு. அடுத்த தடவை நான் மெதுவா எழுந்தேன். அது நிஜம். நோயாளி பிழைச்சுட்டார். நான் மறக்கலை. பொய் அலாரம் அதிகமானா, கேக்குற காது செத்துடும்.

8/ அதனால மெஷினும் கத்துக்கிட்டே இருக்கணும், நாமும் எழுந்துக்கிட்டே இருக்கணும். அடுத்த தடவை எட்டிமடைகிட்ட வண்டி ஊருனா திட்டாதீங்க. யாரோ அலாரத்தை நம்பி எழுந்திருக்கலாம்.